நோய் அதிகமுள்ள ஊருக்கு ஒரு மாற்றல் மனு

எங்கள் அலுவலகத்தில் மக்கள் சாவதற்குப் பத்து வழிகள் இருந்தன. எல்லாம் அரசு அங்கீகரித்தவை. காலரா, பெரியம்மை, பிளேக், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மூச்சு நோய்கள், பிரசவம், காயம், தற்கொலை, கடைசியாக ‘மற்றவை’. மாதாந்திர இறப்புப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். சுற்று வட்டாரத்தின் கிராம முன்சீப்புகளும் சுகாதார ஆய்வாளர்களும் எழுதி அனுப்புவதை விருதுநகரில் என் மேஜையில் கூட்டி, மேலே அனுப்ப வேண்டும். மேலே என்றால் மதுரைக்கு. எங்கள் மாவட்டத்தின் தலைமையிடம் அந்நாளில் மாவட்டத்துக்குள்ளேயே இல்லை. பக்கத்து மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களை ஆண்டது. குறையாகச் சொல்லவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் எந்த மாவட்டமும் ஒழுங்காகத்தான் தெரியும்.

‘மற்றவை’ கட்டத்தில் எண்ணிக்கை கூடினால் விளக்கம் கேட்டு மெமோ வரும். காய்ச்சல் கட்டத்தில் கூடினால் வராது. காய்ச்சலில் மக்கள் சாவது இயல்பு என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. அதற்குப் பிறகு எங்கள் பகுதியில் மற்றவையால் செத்தவர்கள் மிகக் குறைவு.

அப்போது சிவகாசியில் குடியிருந்தோம். என் மனைவி அங்கே மிஷன் பள்ளியில் ஆசிரியை. நான் காலை ரயிலில் விருதுநகர் போய் மாலையில் திரும்புவேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அங்கே வேலை நடப்பது கண்ணுக்குத் தெரிந்ததால் அந்தப் பெயருக்கு என்னுடையதைவிட அதற்குத்தான் உரிமை அதிகம். காற்று திரும்பினால் தீக்குச்சி மருந்து வாடை சமையலறைக்குள் வரும். பக்கத்து வீட்டுக்காரர் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தார். மாலையில் வரும்போது பட்டாசுப் பொடி ஒட்டி அவர் கை முழங்கை வரை வெள்ளிபோல மின்னும். என் மூத்த மகள் வாசலில் காத்திருந்து அந்தக் கையைத் தொட்டுத் தன் கன்னத்தில் தடவிக்கொள்வாள். அவர் சிரிப்பார். நாங்களும் சிரித்தோம்.

மூத்தவளுக்கு ஏழு வயது முடிந்து சில மாதங்களில் காய்ச்சல் வந்தது. விட்டது, மறுபடி வந்தது. பல் விளக்கும்போது எச்சிலில் ரத்தம். தொடையில் யாரும் அடிக்காமலே நீலக் கன்றல்கள். உள்ளூர் டாக்டர் டைபாய்டு என்றார். பிறகு மலேரியா என்றார். பிறகு மதுரைக்குப் போகச் சொன்னார். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் என்னைத் தனியாக அழைத்து ஒரு பெயரைச் சொன்னார். வாயால் சொல்வதை நம்பும் பழக்கம் எனக்கில்லை. எழுதித் தரச் சொன்னேன். ஒரு துண்டுச் சீட்டில் ‘லுக்கீமியா’ என்று ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். ரத்தப் புற்று என்று தமிழில் சொன்னார். என்ன செய்யலாம் என்று கேட்டேன். ரத்தம் ஏற்றலாம் என்றார். அதற்குப் பிறகு என்று கேட்டேன். மறுபடி ஏற்றலாம் என்றார்.

மூன்றாவது வாரம் வார்டு நர்ஸ் என் மனைவியிடம் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற எண்ணம் இருந்தா இன்னைக்கே போயிருங்கம்மா. நாளைக்குன்னா கஷ்டம்.”

இதற்கு விளக்கம் வேண்டியவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்கள் இல்லை. வார்டில் உயிர் போகவிடுவது எந்தக் குடும்பத்துக்கும் தாங்காத காரியம். உடலை ஏற்ற எந்த வண்டிக்காரரும் சம்மதிக்க மாட்டார். உயிர் இருக்கும்போதே கொண்டு வந்துவிட வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ‘சொந்த விருப்பத்தின் பேரில் சென்றார்’ என்று எழுதுவார்கள். கையெழுத்துப் போட்டோம். சொந்த விருப்பம்.

வாடகைக் கார் பிடித்துத் திருமங்கலம், கள்ளிக்குடி, விருதுநகர் வழியாகச் சிவகாசிக்கு வந்தோம். மூன்றாம் நாள் காலையில், அவள் அம்மா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது, இறந்தாள்.

அடக்கம் முடிந்து நாலாம் நாள் எங்கள் பகுதி ஆய்வாளர் வீட்டுக்கு வந்தார். எனக்கு நண்பர். வாசலில் நின்றுகொண்டே பதிவேட்டைப் பிரித்தார்.

“அண்ணாச்சி, மன்னிக்கணும். இதையும் கேட்டுத்தான் ஆகணும். காரணம் என்னன்னு போட?”

துண்டுச் சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் எனக்கு விதிகள் தெரியும். மதுரை டாக்டர் சாவைப் பார்க்கவில்லை; அவர் சீட்டு மரணச் சான்று ஆகாது. சாவைப் பார்த்த நாங்கள் டாக்டர் இல்லை. அந்தப் பெயருக்குக் கட்டமும் இல்லை. ‘மற்றவை’ என்று போட்டால் இவருக்கு மெமோ வரும். அந்த மெமோவைத் தயாரிப்பவனும் நான்தான்.

“காய்ச்சல்னே போடுங்க,” என்றேன்.

“சரிண்ணாச்சி.”

மாதக் கடைசியில் சிவகாசிப் பட்டியல் மேஜைக்கு வந்தது. காய்ச்சல் கட்டத்தைக் கூட்டினேன். இரண்டு முறை கூட்டிச் சரிபார்த்தேன். அது என் வழக்கம்.

இளையவளுக்கு அப்போது மூன்று வயது. நாலு ஆனபோது அவள் காலில் ஒரு கன்றலைப் பார்த்தேன்.

முழங்காலுக்குக் கீழே, எட்டணா அளவு. “எங்கடி இடிச்சுக்கிட்டே?” என்றேன். தெரியாது என்றாள். நாலு வயதுக்குத் தெரியாதுதான். ஆனால் அந்தப் பதிலை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தேன். அன்றிலிருந்து தினமும் குளிப்பாட்டும்போது நான் பக்கத்தில் நிற்க ஆரம்பித்தேன். முதுகு, தொடை, கை மடிப்பு என்று ஒரு வரிசையில் பார்ப்பேன். பழைய கன்றல் பச்சையாகி மஞ்சளாகி மறையும். புதியது நீலமாக வரும். எது பழையது, எது புதியது என்று மனதில் குறித்துக்கொள்வேன். நகத்தை அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் சிவக்க வேண்டும். அவள் நகம் தாமதமாகச் சிவந்தது, அதுவும் முழுதாக இல்லை.

“புள்ளையக் குளிப்பாட்ட வந்தீகளா, இன்ஸ்பெக்சனுக்கு வந்தீகளா?” என்பாள் மனைவி. ஆனால் நான் ரயிலுக்குப் போன பிறகு அவளும் அதே வரிசையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் தெரிந்தது பின்னால்தான்.

பிள்ளை வெளுத்துக்கொண்டு வந்தாள். நாலு எட்டு ஓடினால் மூச்சு வாங்கியது. சோற்றை ஒதுக்கிவிட்டு அம்மாவின் பையிலிருந்து சாக்குக்கட்டியை எடுத்துத் தின்றாள். சிலேட்டுக் குச்சி, சுவர்ச் சுண்ணாம்பு, எது கிடைத்தாலும். உள்ளூர் டாக்டரிடம் போனோம். ஒரு டானிக் கொடுத்தார். அவர் எங்கள் கண்ணைப் பார்க்கவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த இடத்தில் வேறொரு தகப்பன் என்ன செய்திருப்பான் என்று தெரியாது. நான் பதிவேடுகளைத் தேடினேன்.

என் கேள்வி எளிது. இந்த நோய் எங்கள் பகுதியில் அதிகமா? மருந்து வாடைக்கும் மின்னும் பொடிக்கும் இதில் பங்கு உண்டா? உண்டு என்றால் இளையவளைத் தூக்கிக்கொண்டு இந்த ஊரைவிட்டு ஓட வேண்டும். மாற்றல் மனு எழுதுவதில் எனக்கு இணையானவன் அந்த அலுவலகத்தில் இல்லை. எந்த ஊருக்கு என்பதுதான் தெரிய வேண்டும். மதிய உணவு நேரத்தில் பழைய கட்டுகளை அவிழ்த்தேன். சாத்தூர், சிவகாசி, சுற்றுப்பட்டிகள், வருடம் வருடமாக. இறப்புப் பட்டியலில் பயனில்லை என்பதால் ஆய்வாளர்களின் மூலப் பதிவேடுகளையும் வரவழைத்துப் பார்த்தேன். ரத்தப் புற்று என்று ஒரு பதிவுகூட இல்லை. லுக்கீமியா என்று எந்த எழுத்துப் பிழையோடும் இல்லை.

பிறகு மதுரைக்குத் தெற்கே இருந்த ஆஸ்பத்திரிகள் எங்களுக்கு அனுப்பும் ஆண்டுக் கணக்கைப் பார்த்தேன்; மதுரைக் கணக்கு எங்களிடம் வராது. அது வேறு படிவம். டாக்டர்கள் நிரப்புவது, அதனால் கட்டங்கள் அதிகம். எல்லா ஊருக்கும் நேராக வெறுமை. ஒரே ஓர் ஊரில் மட்டும் அந்த நோய்க்கு நேராக எண் இருந்தது. முந்தைய வருடமும் இருந்தது. அதற்கு முந்தையதைவிடக் கூடியிருந்தது. தெற்கே, ரயிலில் பாதிப் பகல் தூரத்தில், ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்த ஊர். அந்த ஆஸ்பத்திரியில்தான் என் மனைவியின் அக்கா, எனக்கு மதினி, நர்ஸாக இருந்தார். பிள்ளையை அங்கே கொண்டு வரச் சொல்லி மூன்று கடிதம் எழுதியிருந்தார்.

அன்று மாலை வீட்டுக்கு ஒருவிதத் தெளிவோடு போனேன். மனைவி பயணத்துக்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்த ஊருக்குப் போக வேண்டாம்,” என்றேன். “இருக்கறதுலயே அங்கதான் அதிகம். வருசா வருசம் ஏறுது. தண்ணியிலயோ மண்ணுலயோ ஏதோ இருக்கு.”

“எங்கக்கா பதினெட்டு வருசமா அந்தத் தண்ணியத்தான் குடிக்கா. குத்துக்கல்லாட்டம் இருக்கா.”

“நம்ம பக்கம் ஒண்ணுகூட இல்லை. சாத்தூர், சிவகாசி, எல்லாத்தையும் பார்த்துட்டேன்.”

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணுகூட இல்லையா?”

“இல்லை.”

“நம்ம வீட்டுல ஒண்ணு இருந்துச்சே. அது எந்தக் கணக்குல?”

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மாட்டுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டேன். ஆய்வாளரைக் காய்ச்சல் என்று எழுதச் சொன்னதை நான் அதுவரை அவளிடம் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்று பதினோரு வருடம் என்னோடு வாழ்ந்தவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் சாத்தூர்ப் பக்கத்துக் கிராம முன்சீப் ஒருவர் பட்டியல் கொண்டுவந்தார். பெரிய விவசாயக் குடும்பம். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பட்டியல் எப்போதும் சுத்தமாக இருக்கும். உட்காரச் சொல்லி, காய்ச்சல் கட்டத்தில் பெயர்களைக் காட்டிக் கேட்டேன்.

“இந்தப் பிள்ளை, ஒன்பது வயசு. என்ன காய்ச்சல் இது?”

“அதுவா ஐயா? அது மூணு நாலு மாசமா வெளுத்துக்கிட்டே வந்துச்சு. ஈறுலேர்ந்து ரத்தமா வடியும். மதுரைக்குக் கொண்டு போனாக. ஆகாதுன்னுட்டாக. கூட்டியாந்துட்டாக.”

“அப்புறம் காய்ச்சல்னு எழுதியிருக்கீங்க?”

“உடம்பு சுட்டுச்சுல்ல?”

அவருக்கு என் முகம் பிடிக்கவில்லை.

“வேற என்னத்தப் போட? நீங்கதான் ஐயா போன வருசம் சொன்னீக, மற்றவையில எழுதாதீக, மெமோ வருதுன்னு. அம்புட்டுப் பேரும் இப்ப காய்ச்சல்லதான் சாகுறோம். வேணும்னா சொல்லுங்க, மாத்திப்புடுவோம்.”

வேண்டாம் என்றேன். அவர் போன பிறகு அந்தக் கட்டத்தில் இருந்த மற்றப் பெயர்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வாடகைக் கார் மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்ததா, இல்லை உண்மையிலேயே வெறும் காய்ச்சலா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மதுரையில் நோயின் பெயர் இருந்தது, சாவு இல்லை. ஊரில் சாவு இருந்தது, நோயின் பெயர் இல்லை. இரண்டையும் ஒட்டவைக்க வேண்டிய மேஜை என்னுடையது.

ஆக, எங்கள் பகுதியின் வெறுமை பொய். ஆனால் அதனால் தெற்கத்தி ஊரின் எண் பொய்யாகிவிடாதே? பயந்தவனின் மூளை இப்படித்தான் வேலை செய்யும்: ஒரு கதவு திறந்தால் இன்னொன்றைத் தாழிட்டுக்கொள்ளும். மேலும் பத்து நாள் தள்ளிப்போட்டேன். இங்கே இருந்தால் பொடி, அங்கே போனால் தண்ணீர். இதற்கிடையில் பிள்ளை ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் மயங்கி விழுந்தாள். மனைவி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

“நான் நாளைக்குக் காலையில போறேன். நீங்க வந்தா வாங்க. இல்லேன்னா இங்கனயே இருந்து எண்ணிக்கிட்டு இருங்க.”

மூவரும் போனோம். ரயிலில் பிள்ளை என் மடியில் தூங்கினாள். அவள் காலில் ஏழு கன்றல்கள் இருந்தன. கோவில்பட்டி வருவதற்குள் எட்டாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். கரிப்புகைத் தூள் ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்ததும் போய்விட்டது. ஒரு கணம் எனக்கு எல்லாமே அப்படித் துடைத்தால் போய்விடும் என்று தோன்றியது. மற்ற ஏழு கன்றல்களையும் துடைத்துப் பார்த்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மிஷன் ஆஸ்பத்திரியில் பெயர் பதியும் ஜன்னலில் வரிசை. மதினி வெள்ளைச் சேலையில் ஓடி வந்தார். பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, ஜன்னல்ல ஊர் கேப்பாக. சிவகாசின்னு சொல்லிராதீக. வெளியூர்க்காரங்களுக்கு ரத்தப் பரிசோதனை வியாழக்கிழமைதான். உள்ளூர்னா இன்னைக்கே பார்ப்பாக. என் வீட்டு விலாசத்தைக் குடுங்க. எல்லாரும் அப்படித்தான் குடுக்காக.”

அன்று வெள்ளிக்கிழமை. பொய் விலாசம் தருவது தண்டனைக்குரியது என்று எந்தப் படிவத்தின் அடியில் எந்த எழுத்தில் அச்சடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். மதினியின் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் தெளிவான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டை இழுத்துத் தேய்த்தார்கள். மலமும் கேட்டார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு டாக்டர் அழைத்தார். தமிழ் அம்மாள், நரைத்த தலை, நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து ஒரு கண் சற்றுச் சுருங்கியிருந்தது. என் மனைவி உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன்.

“இந்தப் பிள்ளை செருப்புப் போடுமா?” என்று கேட்டார் டாக்டர்.

மரணத்தைப் பற்றிய பேச்சுக்கு இது விசித்திரமான தொடக்கமாக இருந்தது. இல்லை என்றாள் மனைவி.

“எங்க வெளிக்குப் போகும்?”

“பின்னால, தீப்பெட்டி ஆபீசுக்கு அந்தப் பக்கம்.”

“கொக்கிப்புழு. வயிறு நிறைய. அதுதான் ரத்தத்தைக் குடிக்குது. ரத்த அணுவெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. மருந்து தர்றேன், இரும்புச் சத்தும் தர்றேன். முதல்ல ஒரு செருப்பு வாங்குங்க.”

“கன்றல்?” என்றேன்.

“நாலு வயசுப் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழ கன்றல் இல்லேன்னாத்தான் நான் கவலைப்படுவேன்.”

மனைவி பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சத்தம் வரவில்லை. தோள்கள் மட்டும் ஆடின. பிள்ளை மேஜை மேலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து வாயில் போட்டாள்.

நான் எழுந்து போயிருக்க வேண்டும். ஆனால் கேட்காமல் போக முடியவில்லை. மூத்தவளைப் பற்றிச் சொன்னேன். துண்டுச் சீட்டைக் காட்டினேன். இது ஊரைப் பொறுத்து வருமா, மருந்துப் பொடியால் வருமா என்று கேட்டேன்.

“தெரியாது,” என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. “ஆனா ஊரைப் பொறுத்துன்னு நானும் சந்தேகப்படுறேன். இங்க பாருங்க.”

ஒரு நீளக் குறிப்பேட்டை எடுத்தார். அந்த நோய் கண்டவர்களின் பெயர், வயது, விலாசம், அவர் கையாலேயே எழுதியது. விரலை விலாசங்களின் மேல் ஓட்டினார்.

“ஒரே ஊர். அதுல பாதிக்கு மேல ஒரே தெரு. ஆறு மாசமா தூக்கம் இல்லை எனக்கு. அந்தத் தெருக் கிணத்துத் தண்ணியைச் சென்னைக்கு அனுப்பியிருக்கேன், பரிசோதனைக்கு. எங்க நர்சுங்க குடியிருக்கிற தெரு அது.”

அது மதினியின் தெரு. அங்கே இருந்தவை மொத்தம் ஒரு டஜன் வீடுகள். குறிப்பேட்டின்படி அந்த வீடுகளில் மனிதர்கள் அடுக்கி வைத்ததுபோல வாழ்ந்தார்கள்.

என் வேலை முழுவதிலும் கணக்கு வைத்திருக்கும் ஒருவருக்கு உண்மையான தகவல் ஒன்றை எழுதாமல் வாயால் தெரிவித்தது அந்த ஒரு முறைதான்.

“அம்மா, இன்னைக்குக் காலையிலேர்ந்து என் மகளும் அந்தத் தெருவிலதான் குடியிருக்கா,” என்றேன்.

அவருக்கு உடனே புரியவில்லை. பிறகு, உள்ளூர்க்காரர்களுக்கு எல்லா நாளும், வெளியூர்க்காரர்களுக்கு வியாழக்கிழமை என்பதால் ஜன்னலில் யார் விலாசத்தைத் தருகிறார்கள் என்று சொன்னேன். அவர் மதினியை அழைத்தார். மதினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எத்தனை பேரு?”

“எங்க வீட்டு விலாசத்துல எட்டு ஒன்பது இருக்கும் டாக்டரம்மா. மத்த வீட்டுலயும் அப்படித்தான். பாவம், தூரத்திலேர்ந்து வர்றாக. வியாழக்கிழமை வரைக்கும் புள்ளை தாங்காதுல்ல?”

“அப்ப இவங்கள்லாம் எந்த ஊரு?”

“ஞாபகம் இல்லையே. எல்லாப் பக்கத்திலேர்ந்தும்தான்.”

டாக்டர் குறிப்பேட்டை மூடினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “கிணத்துல ஒண்ணும் இல்லை, இல்லையா?” என்றார். ஆறு மாதத்து நிம்மதியும் ஆறு மாதத்து உழைப்பு வீணான வெறுப்பும் ஒரே முகத்தில் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பிய வாரத்தில் மாற்றல் மனு எழுதினேன். நோய் அதிகம் என்று நான் பயந்த அதே ஊருக்கு. காரணம் என்ற இடத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதினேன், எல்லாரும் எழுதுவதுதான். எங்கள் சுகாதார அலுவலர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மாத்திரை போட்டுக்கொண்டு எந்நேரமும் ஏப்பம் விடும் மனிதர்.

“என்னய்யா, ஆண்டுக் கணக்கு நீர்தானே தயாரிச்சீர்? அந்த ஊர்லதான் அந்த வியாதி இருக்கறதுலயே ஜாஸ்தின்னு போட்டிருக்கு. புத்தி இருக்கறவன் அங்கேருந்து இங்க வருவான்.”

“அங்கே பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் சார். அதனால் ஜாஸ்தி.”

“இங்க?”

“இங்கே என்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள்.”

அவர் ஏப்பம் விட்டார். பரிந்துரை செய்து கையெழுத்திட்டார். இப்படிப் பேசுகிறவன் தன் அலுவலகத்தில் இல்லாமல் போவது நல்லது என்று நினைத்திருக்கலாம். ஆணை வர எட்டு மாதம் ஆயிற்று. மனைவிக்கு அங்கே மிஷன் பள்ளியில் இடம் கிடைத்தது. மதினி வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடிபோனோம்.

பிள்ளை தேறினாள். புழு போனது, கன்னத்தில் நிறம் வந்தது, சாக்குக்கட்டியை விட்டாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் விரலை நீட்டினாள். ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத்தான் இருந்தது. பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணம் தெரியாத ஒன்று ஏழாவது வயதில் ஒருத்தியிடம் வந்தது என்றால், அடுத்தவளின் ஏழாவது வயதை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு என்ன செய்வது? சிவகாசிப் பொடியா, ரத்தத்திலேயே இருந்ததா, வெறும் தற்செயலா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த டாக்டர் பிறகு விலாசத்தை ஜன்னலில் கேட்பதை விட்டுவிட்டு, ஊசி போடும்போது தானே, “சொந்த ஊரு எது?” என்று கேட்டு எழுத ஆரம்பித்தார். வியாழக்கிழமையையும் எடுத்துவிட்டார். அந்தப் பக்கங்களில் சிவகாசியும் சாத்தூரும் வந்தன. வேறு நூறு ஊர்களும் வந்தன. எந்த ஊரில் எத்தனை பேர் வரவே இல்லை என்று தெரியாமல் அதைக் கூட்டி என்ன பயன் என்று அவர் ஒருநாள் என்னிடமே சொன்னார்.

மூத்தவள் இந்த உலகத்தில் எத்தனை நாள் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். அத்தனை நாளை இளையவள் கடக்கும் தேதியைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒரு புதன்கிழமை. யாரிடமும் சொல்லவில்லை. வயிற்று வலி என்று தற்செயல் விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தேன். காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய மனைவி, சேலை மாற்றாமல் அடுப்படியில் நின்றாள்.

“பள்ளிக்கூடம் போகலையா?”

“லீவு சொல்லியாச்சு. தலைவலி. நீங்க?”

“வயிறு.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பில் இருந்ததைக் கிண்டத் திரும்பினாள். அன்று வெறும் புதன்கிழமை. வீட்டில் கேசரி மணத்தது.

இளையவள் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செருப்போடு சமையலறைக்குள் வந்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏம்ப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போகல? இன்னைக்கு யாருக்குப் பிறந்தநாள்?”

“யாருக்கும் இல்ல,” என்றாள் அவள் அம்மா. “உக்காந்து சாப்பிடு. செருப்பைக் கழத்தாத, அப்படியே உக்காரு.”